பாலடின் தொட்டதும் கதை முடிந்துவிடாமல் ஒரு நோய்க் கடவுளை ஆடுவது எப்படி?

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் நான்கு நண்பர்கள், பகடை உருட்டிக் கதையை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிப்படி ஆடுகிறார்கள். கதை நடப்பது அவர்கள் ஊரைப் போலவே லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கித்தா (ரப்பர்) மரக்காடும் உள்ள ஒரு கற்பனைத் தோட்டத்தில். வார்ஹேமர் என்ற போர் ஆட்டத்தில் வரும் நர்கிளைப் பார்த்து ஒரு நோய்க் கடவுளை வில்லனாக வைத்தார் ஆட்டம் நடத்துபவர். இரண்டாம் அமர்விலேயே பாலடின் (தெய்வ அருளால் குணமாக்கவும் தெரிந்த புனித வீரர்) நோயாளியின் நெற்றியில் கை வைத்தார், நோய் போனது, மேசையே சிரித்தது. போதாததற்கு ஒருவர், "இது நம்ம மாரியம்மன்தானே?" என்று கேட்டுவிட்டார். இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

முதலில் நர்கிள் யார் என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் வில்லன் சிரிப்புக்கு இடமாகிப் போனதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. வார்ஹேமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் உலகத்தில் கேயாஸ் கடவுள்கள் நான்கு பேர். மற்ற மூவருக்கும் மனிதன் ஒரு கருவி. நர்கிள் மட்டும் தன் அடியார்களைப் பிள்ளைகளாக நினைக்கிறார். அவர்களும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய உலகம் ஒரு தோட்டம். அழுகிய மண்ணில் ஓயாமல் ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்கும். அவர் ஒரு கொப்பரை முன்னால் நின்று புதுப்புது நோய் காய்ச்சுவார், கிண்டும்போது மகிழ்ச்சியாகவே இருப்பார். நர்க்லிங் எனப்படும் குட்டிப் பூதங்கள் காலைச் சுற்றிக் கும்மாளம் போடும். அவருடைய எண் ஏழு. அவருக்கு நேர் எதிரி மாற்றத்தின் கடவுளான ட்ஸீன்ச். ட்ஸீன்ச் நம்பிக்கை, சூழ்ச்சி, நாளைய திட்டம். நர்கிளோ விரக்தி, இருப்பதை ஏற்றுக்கொள்வது.

ஏல்டாரி இனத்தின் குணமளிக்கும் தேவதை ஈஷாவை அவர் இன்னொரு கேயாஸ் கடவுளான ஸ்லானெஷிடமிருந்து காப்பாற்றினார். காப்பாற்றிக் கொண்டுவந்து கூண்டில் அடைத்தார். காய்ச்சிய ஒவ்வொரு நோயையும் முதலில் அவளுக்குத்தான் புகட்டிப் பார்ப்பார். அவர் கொப்பரைப் பக்கம் திரும்பும் நேரத்தில் அவள் மருந்தை மனிதர்களின் காதில் கிசுகிசுப்பாள். இந்த ஒரு துணுக்கிலேயே ஒரு முழுத் தொடர் ஆட்டத்துக்கான கதை கிடக்கிறது. மருந்து எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் கூண்டு தெரியும்.

அதே உலகத்தில் இன்னொரு பயனுள்ள துண்டு, மோர்ட்டேரியன் தலைமை தாங்கிய டெத் கார்ட் படையின் வீழ்ச்சி. மோர்ட்டேரியனின் வீரர்கள் எந்த விஷத்தையும் தாங்கும் உடம்புக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள். அவர்களுடைய கப்பல்கள் கேயாஸ் ஆளும் வார்ப் வெளியில் திசையின்றி நின்றபோது கொள்ளைநோய் புகுந்தது. மற்றவர்களாக இருந்தால் செத்துத் தப்பித்திருப்பார்கள். இவர்களால் சாகவும் முடியவில்லை. தாங்கும் சக்தியே சித்திரவதையாகிப்போன அந்த நேரத்தில்தான் மோர்ட்டேரியன் நர்கிளிடம் சரணடைந்தார். நோய் அவர்களை விட்டுப் போகவில்லை, வலி மட்டும் போனது.

உங்கள் ஆட்டத்துக்கு வேண்டிய இயந்திரம் இதுதான். சீழும் புழுவும் பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் பயமுறுத்தாது. நோய்க் கடவுள் பயமுறுத்துவது அவர் தரும் ஆறுதலால். "நோயை எடுக்க மாட்டேன், நோவை எடுத்துவிடுகிறேன்" என்கிற பேரம் ஆட்டத்தில் இல்லையென்றால் அவர் வெறும் குப்பைமேட்டுப் பூதம்.

இனி மாரியம்மன். அம்மை, வெப்பு, மழை என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமை தெரியும், கட்டமைப்பில் இருவரும் எதிரெதிர். மாரியம்மன் வழிபாட்டில் நோய்க்கு ஒரு முடிவு இருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டுவது, வீட்டில் தாளிக்காமல் இருப்பது, இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் ஊற்றுவது, கூழ் வார்ப்பது, நேர்ந்ததைத் திருவிழாவில் செலுத்துவது என்று ஒவ்வொன்றும் ஒரு படி. கடன் தீர்ந்ததும் அவள் குளிர்ந்துவிடுகிறாள், ஆள் வேலைக்குப் போகிறான். நர்கிளிடம் எதுவுமே தீராது. தீராமல் வைத்திருப்பதைத்தான் அவர் அன்பு என்று நினைக்கிறார். ஆகவே கேட்ட நண்பருக்குப் பதில்: இல்லை. கோயில் இல்லாத தோட்டம் இல்லை என்கிற ஊரில் அந்த அம்மனை வில்லனாக்குவது மேசையில் ஒருவரையாவது உறுத்தும், கதைக்கும் அதனால் லாபமில்லை. வேண்டுமானால் அந்தப் படிகளின் வடிவத்தை மட்டும் எடுத்து, வேறு பெயரில் ஒரு குளிர்விக்கும் தேவதையைக் கற்பனையாக எதிர்த்தரப்பில் வையுங்கள். எல்லை கட்டுதல், விரதம், நீர், செலுத்தித் தீர்த்தல் என்ற நான்கு படிச் சடங்கு, வீரர்கள் தேடிக் கண்டுபிடிக்கத் தக்க ஆயுதம். (நம் மரபில் சிதைவுக்கு அருகில் நிற்பவள் மூதேவிதான். காக்கைக் கொடியும் துடைப்பமுமாகப் பழைய சிற்பங்களில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவளும் தொற்றுநோய் பரப்புகிறவள் இல்லை.)

அடுத்து பாலடின். 2014 விதியில் நோய்கள் ஏன் சப்பென்று போகின்றன என்பதைக் கணக்காகப் பாருங்கள். பாலடினின் லே ஆன் ஹேண்ட்ஸ் (கை வைத்துக் குணமாக்கும் திறமை) இருப்பு, அவருடைய நிலை ஒன்றுக்கு 5 புள்ளி, அதில் 5 செலவழித்தால் ஒரு நோய் போகும். மூன்றாம் நிலையில் அவருக்கே எந்த நோயும் வராது. கிளெரிக்குக்கு (பூசாரிப் பாத்திரம்) அதே மூன்றாம் நிலையில் நோய் நீக்கும் மந்திரமான லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் கிடைத்துவிடும். மங்க் (துறவி வீரர்) பத்தாம் நிலையில் நோய்க்கும் நஞ்சுக்கும் அப்பாற்பட்டவர். ஆக, ஒரே ஒரு நோயாளியை வைத்துக் கதை கட்டினால் அது அரை நிமிடத்தில் முடிவது விதியின் குற்றமில்லை.

பலர் செய்யும் முதல் தவறு, "இந்த நோய்க்கு மந்திரம் பலிக்காது" என்று அறிவிப்பது. ஆட்டக்காரர் ஆசையோடு தேர்ந்தெடுத்த திறமையைப் பிடுங்கிக்கொள்வது அது. செய்யாதீர்கள். திறமை வேலை செய்யட்டும், எண்ணிக்கை அதைத் திணறடிக்கட்டும்.

நான்காம் நிலைக் குழு என்று வைத்துக்கொள்வோம். பாலடினிடம் 20 புள்ளி, நான்கு பேரைக் குணமாக்கலாம். கிளெரிக்கிடம் அந்த மந்திரத்துக்கு வேண்டிய இரண்டாம் நிலை மந்திர இடங்கள் மூன்று, அதாவது மூன்று பேர். நாளைக்கு மொத்தம் ஏழு. தோட்டத்தில் ஏற்கெனவே 30 பேர் படுத்திருக்கிறார்கள். நோய்க்கு மூன்று ஊற்றுக்கண், ஒவ்வொன்றும் நாளைக்கு மூன்று பேரைப் படுக்க வைக்கிறது. ஒன்பது பேர் விழ, ஏழு பேர் எழுகிறார்கள். ஐந்து நாளில் 30 என்பது 40 ஆகிவிடும். ஒரு கண்ணை அடைத்தால் ஆறு பேர் விழுவார்கள், எண்ணிக்கை நாளுக்கு ஒன்று குறையும். இரண்டை அடைத்தால் நான்கு குறையும். அடைக்கப் போகும் நாளில் சண்டைக்காக மந்திரத்தைச் சேமித்தால் அன்று ஊரில் ஒன்பது பேரும் அப்படியே சேர்வார்கள். யாரை முதலில் தொடுவது, பால் வெட்டுகிறவரையா, கைக்குழந்தையையா, ஊற்றுக்கண் இருக்கும் இடம் தெரிந்த கிராணியையா (தோட்டத்து எழுத்தர்)? இப்போது பாலடின்தான் கதையின் நடுவில் நிற்கிறார். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் வையுங்கள். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒவ்வொரு விடியலிலும் கங்காணி வாயால் சொல்ல வைத்தால் இன்னும் நன்று.

பாலடினுக்கு நோய் வராது என்ற விதியையும் விட்டுவிடாதீர்கள். விதி அவர் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறது, அவருடைய மேலங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நோய் விழுந்த லயத்துக்குள் அவர் மட்டும் தைரியமாக நுழையலாம். திரும்பி வந்து எங்கே தூங்கப் போகிறார் என்று கேளுங்கள்.

வீரர்களுக்கே நோய் வரும்போது என்ன செய்வது? விதிப்புத்தகத்தில் உள்ள சாக்கடைக் கொள்ளைநோயை அச்சாக எடுத்துக்கொள்ளலாம். தொற்றி ஒன்று முதல் நான்கு நாளில் அறிகுறி வரும், உடனே ஒரு சோர்வு நிலை. ஒவ்வொரு நீண்ட ஓய்வு முடிந்ததும் கடினம் 11க்கு எதிராக இருபது முகப் பகடையில் கான்ஸ்டிடியூஷன் (உடல்வலு) தற்காப்பு உருட்டல் செய்ய வேண்டும். தோற்றால் ஒரு நிலை ஏறும், வென்றால் ஒன்று இறங்கும், ஒன்றுக்குக் கீழே இறங்கினால் குணம். ஆறாம் நிலை சாவு. மேலோட்டமாகப் பார்த்தால் சாதுவான விதி. உள்ளே ஒரு பொறி இருக்கிறது: மூன்றாம் சோர்வு நிலையிலிருந்து எல்லாத் தற்காப்பு உருட்டலும் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பதாக மாறுகிறது. கான்ஸ்டிடியூஷன் +2 உள்ள ஒருவருக்குத் தொடக்கத்தில் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம், மூன்றாம் நிலைக்குப் பிறகு 36. வைத்தியமே இல்லாமல் விட்டால், முதல் நிலையில் இருப்பவர் செத்துப்போகும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். அவரே மூன்றாம் நிலையை எட்டிவிட்டால் அது மூன்றில் இரண்டு பங்கு. அதாவது கடினத்தை நீங்கள் கூட்டவே தேவையில்லை, அந்த மூன்றாம் படி போதும். கடினத்தை 15 ஆக்கி மிரட்டுவது இரண்டாவது வழக்கமான தவறு. அதே ஆளுக்கு வெல்லும் வாய்ப்பு 40 சதவீதமாக விழுந்து, நோய் ஒரு தூக்குத் தண்டனையாகிவிடும், முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சாது. 2024 திருத்த விதியில் ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு சோர்வு நிலையும் எல்லா இருபது முக உருட்டலிலும் 2 குறைக்கும், சரிவு முதல் படியிலிருந்தே தொடங்கும்.

அந்த மூன்றாம் படியில் நிற்கும்போதுதான் கடவுள் பேச வேண்டும். கனவில் இடி முழக்கத்தோடு வேண்டாம். ஏற்கெனவே பேரத்தை ஏற்றுக்கொண்ட ஒரு பாட்டி, வாசல் படியில் உட்கார்ந்து, "இப்பல்லாம் வலிக்கறதே இல்லப்பா. நீயும் வந்து உக்காரு, தேத்தண்ணி கலக்குறேன்" என்று சொன்னால் போதும். அவள் உண்மையிலேயே அன்பாக இருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது.

ஏற்றுக்கொண்டால் கிடைப்பது தெளிவான லாபமாக இருக்கட்டும்: சோர்வின் பாதிப்பு எதுவும் தெரியாது, ஒவ்வொரு விடியலிலும் 7 தற்காலிக ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). விலை, விடியலுக்கு ஒரு குறி. தோலில் எங்காவது மூன்று வட்டமாக ஒரு சிறு தடிப்பு, அது நர்கிளின் சின்னத்தின் சாயல். ஒவ்வொரு குறிக்கும் மறைவில் ஒரு சோர்வு நிலை சேர்கிறது. குணப்படுத்த முடியும், நோயாளி சம்மதித்தால். குணமான நொடியில் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக இறங்கும். இரண்டாம் குறியில் குணமானவர் நொண்டி நடப்பார். ஐந்தாம் குறியில் குணமானவர் அசைய முடியாமல் கிடப்பார், ஆனால் பிழைப்பார். ஆறில் தொட்டால் அந்த இடத்திலேயே சாவு. ஏழில் ஆள் தாத்தாவின் பிள்ளை, அந்தப் பாத்திரத்தின் ஆட்டத்தாள் ஆட்டம் நடத்தும் உங்கள் கைக்கு வந்துவிடும். இந்த எண்களை ஒளிக்காதீர்கள். முதல் முறை மட்டும், ஊரார் ஒருவரைப் பாலடின் ஆறாம் குறியில் தொட்டு என்ன நடக்கிறது என்று மேசை பார்க்கட்டும். அதன் பிறகு விதியை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். தெரிந்து எடுக்கும் முடிவுக்குத்தான் கனம் அதிகம்.

மூன்று ஊற்றுக்கண்களுக்குத் தோட்டத்தைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. மலாயாத் தோட்டங்களின் மலேரியா வரலாற்றிலிருந்து ஒன்றை எடுங்கள். 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் காட்டை வெட்டி, சதுப்பை வடியவிட்டு மலேரியாவைக் குறைத்தார். நிழலான சதுப்பில் வளரும் கொசு அதனால் போனது. மலைச்சாரல் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது நேர்மாறாக நடந்தது. அங்கே நோய் பரப்பும் கொசுவான அனோஃபிலிஸ் மாகுலேட்டஸ் வெயில் விழும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது, காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது. தண்ணீரை மண்ணுக்கடியில் குழாயில் விடுவதும், மேலே எண்ணெய் தெளிப்பதும்தான் பிறகு கைகொடுத்தன. ஆட்டத்தில் இதை இப்படி வையுங்கள்: முதல் நோய் வந்ததும் ஊர் மக்கள் பயந்து ஓடைக்கரைப் புதரையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கியிருக்கிறார்கள். அந்தச் சுத்தமே கடவுளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. வீரர்கள் ஓடையை மூட வேண்டும், ஊரோ சுத்தம் செய்ததைக் கெடுக்காதே என்று தடுக்கும்.

இரண்டாவது கண் கொப்பரை. ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் பின்னால் உள்ள கழிவுக் குளத்தில் வைக்கலாம். அமிலம் ஊற்றி உறைய வைத்த பாலின் புளித்த நெடி, மங்குகளிலிருந்து வழித்தெடுத்துக் குவித்த ஒட்டுப்பாலின் அழுகல் நாற்றம். இந்த இடத்துக்கு விளக்கமே தேவையில்லை, உங்கள் நால்வருக்கும் மூக்கே சொல்லிவிடும். சண்டை வேண்டுமென்றால் இங்கே வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. கித்தா மரத்தின் வெள்ளை வேர் நோய், பழைய மரத்தை வெட்டிவிட்டு மண்ணில் விட்டுப்போன கட்டைகளிலிருந்து கிளம்பி, வேரோடு வேர் தொட்டுப் புது நடவுக்குப் பரவுகிறது. செம்பனையின் கானோடர்மாவும் அப்படித்தான், முந்தைய நடவின் எச்சத்தில் தங்கியிருந்து வரும். விரியாத குருத்துகள் நடுவில் கூடும், அடி மட்டைகள் பாவாடைபோலத் தொங்கும், அடித்தண்டில் பலகைக் காளான் வரும். ஓலையில் அறிகுறி தெரிகிற நேரத்துக்கு அடித்தண்டின் உள்ளே பாதியாவது செத்திருக்கும். காற்றடித்தால் மரம் அப்படியே சாயும். ஆகவே மூன்றாவது கண் லயத்தின் அடியிலேயே இருக்கட்டும். முதல் தலைமுறை வெட்டிவிட்டு அப்படியே விட்ட ஒரு பெரிய அடிக்கட்டை, அதன்மேல்தான் வரிசை வீடுகள். தோண்டி எடுக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு குடும்பத்தை வெளியேற்ற வேண்டும். வாளால் தீர்க்க முடியாத வேலை இது. பேசிப் பேசித்தான் ஆக வேண்டும். வீட்டை இழக்க மறுக்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே குறி வாங்கியவர்கள்.

வர்ணனையில் கஞ்சத்தனம் காட்டுங்கள். எல்லாம் அழுகியிருந்தால் எதுவுமே அழுகியதாகத் தெரியாது. ஓர் அமர்வுக்கு இரண்டு இடம், அதிலும் நாற்றம் முதலில், ஒலி பிறகு, காட்சி கடைசியில். பக்கத்திலேயே செழிப்பைக் காட்டுங்கள்: நோய் விழுந்த வீட்டு முருங்கை மட்டும் கிளை முறியக் காய்த்திருக்கிறது, கோழி இரட்டைக் கரு முட்டையாக இடுகிறது. நர்கிள் செழிப்பின் கடவுளும்தான். இதை மறந்தவர்களின் ஆட்டத்தில் அவர் பச்சைச் சாயம் பூசிய பிணமாகத்தான் வருவார்.

தொடங்குமுன் நான்கு பேரிடமும் எது வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். டெங்கியிலும் கோவிட்டிலும் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் நம்மிடையே நிறைய. குழந்தை நோய், மூச்சுத் திணறல் போன்றவற்றை யாராவது வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். சாப்பாடு மேசையில் இருக்கும்போது சீழ் வேண்டாம் என்பது தனி விதி. இன்னொன்று, தொழுநோயாளியைப் பூதமாக வரையாதீர்கள். சுங்கை பூலோவில் 1930இல் திறந்த குடியிருப்பில் நோயின் பெயரால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு வாழ்ந்தவர்கள் உண்மையான மனிதர்கள். உங்கள் கதையில் நோய் என்பது பாவத்தின் கூலியாக வரவே கூடாது. நல்லவர், கெட்டவர், முதலாளி, கூலிக்காரர் எல்லாரையும் அது ஒரே மாதிரி பிடிக்கட்டும். நர்கிளுக்கும் பிள்ளைகளில் பேதமில்லை.

கடைசி அமர்வில் கடவுளைக் கொல்ல வைக்காதீர்கள், நான்காம் நிலைக் குழுவுக்கு அது பொருந்தாது. மூன்று கண்களும் அடைபட்டால் அவர் கோபிக்கக்கூட மாட்டார், அடுத்த கொப்பரையை அடுப்பில் ஏற்றுவார். உண்மையான கடைசிச் சண்டை, குறி வாங்கியவர்களைக் குணப்படுத்தும்போது நடப்பது. வலி திரும்பியதும் அந்தப் பாட்டி வீரர்களைத் திட்டுவாள், திட்ட வேண்டும். உங்கள் குழுவில் யாராவது பேரத்தை ஏற்றிருந்தால் அவரைத் தண்டிக்கும் விதமாக ஆட்டத்தை நடத்தாதீர்கள். குறிகளை அவர் கையாலேயே தாளில் போட வைத்து, ஒவ்வொரு விடியலிலும் 7 புள்ளியை உடனே கொடுங்கள். ஐந்தாவது குறி விழுந்த காலையில் மட்டும், வேறு எந்தப் பகடையும் உருளுமுன், பாலடினைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "இன்னிக்கு யாரத் தொடப் போறீங்க?"